ஜப்பானின் சின்னக் காபிக் கடைகளில் ஐந்து நாள்

முதல் நாள்: டோக்கியோ, கின்சா

விடுதி அறையில் பெட்டியைப் போட்டுவிட்டு, முகம் மட்டும் கழுவிக்கொண்டு நேரே கின்சாவுக்குக் கிளம்பிவிட்டேன். இந்தப் பயணத்தில் கோயில், கோட்டை எதுவும் திட்டத்தில் இல்லை. ஜப்பானில் 'கிஸ்ஸாத்தென்' என்று சொல்லப்படும் பழைய காபிக் கடைகள், அதிலும் ஒரு தனி ஆளோ ஒரு குடும்பமோ தங்கள் பிடிவாதப்படி நடத்துகிற கடைகள், அவற்றில் வாடிக்கையாளராகப் போய் உட்கார வேண்டும். ரொம்ப நாள் ஆசை.

அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருள் 'தேநீர் அருந்தும் கடை'. ஆனால் உள்ளே கொடிகட்டிப் பறப்பது காபிதான். 1981இல் ஜப்பான் முழுக்க இப்படிப்பட்ட கடைகள் 1.5 லட்சத்துக்கும் மேல் இருந்தன. 2021 கணக்குப்படி 60,000க்கும் கீழே இறங்கிவிட்டன. கடையை நடத்திய முதியவர் போய்ச் சேர்ந்ததும் அவரோடு கடையும் மூடப்படுகிறது, பெரும்பாலும். அதனால்தான் இன்னும் தள்ளிப்போடக் கூடாது என்று வந்தேன்.

கின்சாவின் பளபளப்பான கண்ணாடிச் சுவர்களையெல்லாம் தாண்டி, எட்டாவது வட்டாரத்தில் ஒரு சின்னத் தெருவில் இருக்கிறது 'கஃபே த லாம்ப்ரு'. பலகையில் காபி மட்டுமே உள்ள கடை என்று எழுதியிருக்கிறார்கள், அது நிஜம்தான். உள்ளே மங்கலான வெளிச்சம், நீண்ட மேடை, அதன் முன்னால் வரிசையாக இருக்கைகள். மேடை முன்னாலேயே இடம் கிடைத்தது.

1948இல் இந்தக் கடையைத் தொடங்கியவர் இச்சிரோ செகிகுச்சி. 2018இல் 103 வயதில் காலமானார். போர் முடிந்து, காபிக்கொட்டை இறக்குமதி இன்னும் தொடங்காத காலத்தில் கடை போட்டவர் அவர். அப்போது கையில் கிடைத்தது, போரினால் அனுப்ப முடியாமல் கிடங்கில் வருடக்கணக்கில் கிடந்த சுமத்ராக் கொட்டைதான் என்று சொல்வார்கள். பழசாகிப் போனதை வேறு வழியில்லாமல் வறுத்துப் பார்த்திருக்கிறார். அதன் சுவையில் மயங்கி, பிற்பாடு நல்ல கொட்டையை வேண்டுமென்றே பல ஆண்டுகள் வைத்திருந்து வறுப்பதையே தன் வழியாக்கிக்கொண்டார். இப்போதும் இங்கே பட்டியலில் சில காபிகளுக்கு நாட்டின் பெயரோடு ஆண்டும் போட்டிருக்கிறது. நான் ஒரு கொலம்பியப் பழங்கொட்டையைக் கேட்டேன்.

அடுத்த பத்து நிமிடம் நான் வேறு எதையும் பார்க்கவில்லை. ஒரு கம்பி வளையம், அதில் தைத்த ஃபிளானல் துணிப் பை. இந்தத் துணிவடிகட்டலை இங்கே 'நெல்' என்கிறார்கள். ஃபிளானல் என்பதன் கடைசி அசை மட்டும் மிஞ்சியது. நம் காதில் வயல்தான் விழுகிறது, ஆனாலும் அந்தச் சொல் எனக்குப் பிடித்துப்போயிற்று. துணி ஈரமாகவே இருக்கிறது. காயவிட்டால் அதில் ஊறியிருக்கும் காபி எண்ணெய் கெட்டு வாடை வந்துவிடும் என்பதால் எப்போதும் தண்ணீரில் போட்டு வைப்பார்கள். காபி போடும் இளைஞர் இடது கையில் பையைப் பிடித்துக்கொண்டு, வலது கையில் இருந்த கெட்டிலிலிருந்து நூல் மாதிரி வெந்நீர் விட்டார். முதலில் சொட்டுச் சொட்டாக. தூள் மெல்ல மேலே உப்பி வந்தது. அது அடங்கும்வரை காத்திருந்தார், அப்புறம் மறுபடி நூல். பையின் நுனியிலிருந்து முதல் துளி விழ நேரமாயிற்று. அந்த நேரம் முழுக்க அவர் தலையே நிமிரவில்லை.

சின்னக் கோப்பை, நாலைந்து வாய்க்குத்தான் வரும். கசப்பு கொஞ்சமும் நாக்கில் நிற்கவில்லை. பழைய மரப்பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த மாதிரி ஒரு வாசனை, கடைசியில் தேன் போல ஒரு மெல்லிய இனிப்பு. சர்க்கரை கேட்கும் எண்ணமே வரவில்லை.

பக்கத்து இருக்கைக்கு ஒரு பெரியவர் வந்தார். தொப்பியைக் கழற்றி வைத்தார். எதுவும் கேட்கவில்லை. சற்று நேரத்தில் அவர் முன்னால் அகல வாய்க் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று வந்தது, கீழே கறுப்புக் காபி, மேலே கலக்காமல் மிதக்கும் வெள்ளைப் பால். இந்தக் கடையின் பெயர்பெற்ற பானம் அது, 'அம்பர் ராணி'. அதற்கான காபியைக் குளிரவைக்கும் விதத்தைப் பார்த்தேன்: பெரிய பனிக்கட்டிப் பாளத்தின் மேல் உலோகக் குவளையைச் சாய்த்து வைத்துக் கையால் உருட்டிக்கொண்டே இருக்கிறார்கள். பனி காபிக்குள் விழுவதில்லை, அதனால் காபி நீர்த்துப்போவதும் இல்லை. பெரியவர் மூன்றே வாயில் குடித்து முடித்து, தலையை லேசாகச் சாய்த்துவிட்டுப் போனார். மொத்தம் பத்து நிமிடம். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அவர் வந்ததும் போனதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இரண்டாம் நாள்: ஷிபுயா

அக்கா மகள் இங்கேதான் படிக்கிறாள். இன்று அவளுக்கு வகுப்பு இல்லை, கூட வந்தாள்.

ஷிபுயாவின் அந்தப் பெரிய நாற்சந்தியில் மனிதக் கடலைக் கடந்து, சரிவில் ஏறி, ஒரு பக்கத் தெருவில் நுழைந்தோம். கல்கோட்டை மாதிரி ஒரு முகப்பு. கதவுக்கு முன்னால் அவள் நின்று என் கையைப் பிடித்தாள்.

"மாமா, உள்ளே பேசக் கூடாது. போட்டோவும் எடுக்கக் கூடாது. ஏதாவது வேணும்னா என் காதுல சொல்லுங்க."

இதுதான் 'லயன்'. 1926இல் தொடங்கி, 1945 விமானத் தாக்குதலில் எரிந்து, 1950இல் மறுபடி எழுந்த இசைக் காபிக் கடை. உள்ளே போனதும் கண் பழக ஒரு நிமிடம் ஆயிற்று. எதிர்ச் சுவர் நெடுக, இரண்டு மாடி உயரத்துக்கு, மரத்தால் ஆன ஒலிபெருக்கிகள். கோயில் கருவறையைப் பார்ப்பது போல எல்லா இருக்கைகளும் அதைப் பார்த்தே போடப்பட்டிருக்கின்றன. எதிரெதிரே உட்கார வழியே இல்லை. பேசுவதற்காக வருகிற இடம் அல்ல என்பதை நாற்காலியே சொல்லிவிடுகிறது.

போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் இசைத்தட்டும் அதை இயக்கும் கருவியும் சாதாரண மனிதர் வாங்க முடியாத விலை. ஒரு காபி வாங்கினால் மணிக்கணக்கில் பாக், பீத்தோவன் கேட்கலாம் என்று மாணவர்கள் இப்படிப்பட்ட கடைகளுக்கு வந்து குவிந்தார்கள். இப்போது எல்லோர் பையிலும் உலக இசை முழுக்க இருக்கிறது. இருந்தும் இன்று மத்தியானம் அங்கே பதினைந்து பேராவது இருந்தோம். ஒருவர் கண்ணை மூடியிருந்தார். ஒரு பெண் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள், பேனாவின் உரசல் எனக்குக் கேட்டது. தட்டு மாறும்போது வந்த சின்னக் கரகரப்பில்கூட யாரும் அசையவில்லை.

காபி சுமார்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு செல்லோ தனியாக ஒலிக்கத் தொடங்கியபோது மேசையின் பலகை என் முழங்கைக்குக் கீழே அதிர்ந்தது. இசையைக் கையால் தொட்ட மாதிரி இருந்தது. நாங்கள் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அக்கா மகளோடு இவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது இதுதான் முதல் தடவை, ஆனாலும் வெளியே வந்தபோது நிறையப் பேசிவிட்டு வந்த நிறைவு.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் 'சாத்தேய் ஹாத்தோ'. 1989இல் தொடங்கியது. மேடைக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கோப்பைகள், நூற்றுக்கணக்கில், ஒன்று போல் ஒன்று இல்லை. வாடிக்கையாளர் உட்கார்ந்ததும் காபி போடுகிறவர் ஒரு பார்வை பார்க்கிறார். அப்புறம் அலமாரிப் பக்கம் திரும்பி அந்த ஆளுக்கென்று ஒரு கோப்பையை எடுக்கிறார். எனக்கு மண்நிறத்தில் தங்க விளிம்பு வைத்தது. அவளுக்கு நீலப்பூ போட்டது, காது மெலிந்தது.

"உங்க சட்டையைப் பார்த்துதான் எடுத்திருப்பார் மாமா."

"அப்போ உனக்கு?"

அவள் தன் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பதில் சொல்லவில்லை. அவளுக்கு அந்தக் கோப்பை ரொம்பப் பிடித்துவிட்டது என்பது மட்டும் தெரிந்தது. ஊர் பேர் தெரியாத ஒருவன் உள்ளே வந்ததும் அவனை ஒரு கணம் உற்றுப் பார்த்து, 'இவருக்கு இது' என்று ஒருவர் முடிவெடுக்கிறார். இது எனக்குப் பெரிய மரியாதையாகப் பட்டது.

சாயங்காலம் ஒரு கசப்பும் நடந்தது. அவளுடைய தோழிகள் மூன்று பேர் வந்து சேர, ஐந்து பேராக வேறொரு சின்னக் கடைக்குப் போனோம். வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். மூன்று பேருக்கு மேல் அனுமதி இல்லையாம். உள்ளே இடம் காலியாக இருந்தது, கண்ணுக்குத் தெரிந்தது. பிள்ளைகள் முன்னால் திருப்பி அனுப்பப்பட்டதில் எனக்கு நிஜமாகவே வருத்தம். விடுதிக்கு வந்து யோசித்தால், மத்தியானம் அந்தச் செல்லோவைக் கேட்க முடிந்ததே யாரும் ஐந்து பேராக வந்து பேசவில்லை என்பதால்தான். அந்தக் கடைக்காரரும் உள்ளே உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்காகத்தான் எங்களைத் திருப்பியிருக்கிறார். கொஞ்சம் மென்மையாகச் சொல்லியிருக்கலாம் என்பதை மட்டும் இன்னும் விடமாட்டேன்.

மூன்றாம் நாள்: இச்சினோமியா

அதிவேக ரயிலில் நகோயா சுமார் ஒன்றே முக்கால் மணி நேரம். அங்கிருந்து உள்ளூர் ரயிலில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் இச்சினோமியா. சுற்றுலாப் பயணிகள் இறங்குகிற ஊர் இல்லை. என் பட்டியலில் நான் அடிக்கோடிட்டு வைத்திருந்த ஊர் இதுதான்.

நகோயாப் பக்கம் காலையில் காபி கேட்டால் காபியின் விலைக்கே ரொட்டியும் அவித்த முட்டையும் சேர்ந்து வரும். 'மார்னிங்' என்றுதான் பெயர். அந்தப் பழக்கத்தின் வேரை இச்சினோமியாவில் காட்டுகிறார்கள். இது நெசவு ஊர். 1950களின் தொடக்கத்தில் விசைத்தறி 'கச்சா' என்று ஒருமுறை அடித்தால் பத்தாயிரம் யென் என்று சொல்கிற அளவுக்குத் தொழில் ஓடியது. 'கச்சா', 'மான்' என்ற பத்தாயிரம், இரண்டும் சேர்ந்து 'கச்சாமான்' என்று அந்தக் காலத்துக்கே பெயர். தறிக்கூடத்தில் சத்தமும் பஞ்சுத் தூசியும். வியாபாரி வந்தால் பேச முடியாது. அதனால் முதலாளிகள் வியாபாரம் பேசக் காபிக் கடைக்கு வந்தார்கள், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. இவ்வளவு தடவை வருகிறார்களே என்று ஒரு கடைக்காரர் காலையில் காபியோடு வேர்க்கடலையும் அவித்த முட்டையும் இலவசமாக வைக்க ஆரம்பித்தார்.

நான் போன கடை ரயில் நிலையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, வீடுகளுக்கு நடுவே. பெயர் சொல்லவில்லை, கூட்டம் போய் அந்த அம்மாளைச் சிரமப்படுத்த வேண்டாம். கடையை நடத்துகிற அவரை எல்லோரும் 'மாமா' என்றே கூப்பிடுகிறார்கள், 'அம்மா' என்று பொருள். நேற்று நாள் முழுக்க மாமா என்று கூப்பிடப்பட்ட எனக்கு ஒவ்வொரு தடவையும் தலை திரும்பியது. ஆண் கடைக்காரராக இருந்தால் 'மாஸ்டர்'. நம் டீக்கடையிலும் டீ மாஸ்டர்தானே. இவ்வளவு தூரம் வந்து அந்தச் சொல்லைக் கேட்டதில் மனசு இளகியது.

கெட்டி ரொட்டித் துண்டு, மேலே வெண்ணெய், அதன் மேல் இனிப்பான சிவப்புப் பயறு விழுது. முட்டை இன்னும் சூடு. ஆனால் நான் கண் எடுக்காமல் பார்த்தது சுவரை.

கல்லாவுக்குப் பக்கத்துச் சுவரில், மேலிருந்து கீழ்வரை, சின்னச் சின்னச் சீட்டுக் கட்டுகள் ஆணியில் தொங்குகின்றன. காபிச் சீட்டு. பத்துக் காபிக்குப் பணம் கட்டினால் பதினோரு சீட்டு. வாங்கியவர்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை, பெயர் எழுதிக் கடையிலேயே தொங்கவிடுகிறார்கள். வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்ததும் அந்த அம்மாள் போய் அவருடைய கட்டிலிருந்து ஒரு சீட்டைக் கிழிக்கிறார். கதவு திறக்கும்போதே கை அந்த ஆணிக்குப் போய்விடுகிறது. யார் கட்டு எங்கே என்று அவர் தேடவே இல்லை. சில கட்டுகள் தடிமனாக, சில கடைசி ஒற்றைச் சீட்டோடு. மூலையில் ஒன்று வெயிலில் மஞ்சளாகி ஓரம் சுருண்டிருந்தது. பாதிக் கட்டு இன்னும் இருக்கிறது. மற்ற கட்டுகளின் ஆணியெல்லாம் துருப்பிடித்து, அது மட்டும் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. யாருடையது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நான்காம் நாள்: கியோத்தோ

கால் வலி. அதனால் இன்று அதிகம் எழுதப்போவதில்லை.

காலையில் 'இனோதா காபி'. 1940இல் தொடங்கிய நிறுவனம், இப்போது கிளைகள் உண்டு, தனிக் கடை என்று சொல்ல முடியாது. ஆனாலும் போனதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே முன்பெல்லாம் பாலும் சர்க்கரையும் கலந்தே காபியைக் கொண்டுவந்து வைப்பார்களாம். வாடிக்கையாளர்கள் பேச்சில் ஆழ்ந்து காபியை ஆறவிட்டுவிடுகிறார்கள், ஆறிய பிறகு சர்க்கரை கரையவில்லை, அதனால். இப்போது கலக்கலாமா என்று கேட்டுக்கொள்கிறார்கள். நான் கலந்ததையே கேட்டேன். லயனில் பேச்சை நிறுத்திய கடை, இங்கே பேச்சுக்குத் தோதாகக் காபியையே மாற்றிய கடை.

மத்தியானம் தக்காசே ஓடையோரம் 'ஃபிரான்சுவா'. 1934இல் தொடங்கியது. ஓவியர் ழான் ஃபிரான்சுவா மில்லேயின் பெயரை வைத்தார்கள். வெள்ளைக் குவிமாடக் கூரை, வண்ணக் கண்ணாடி, சிவப்பு வெல்வெட் நாற்காலிகள், பழைய பயணக் கப்பலின் கூடம் போல. தொடங்கிய ஷோயிச்சி தத்தேனோ ஓவியம் படித்தவர், தொழிலாளர் இயக்கத்தில் ஈடுபட்டவர். ராணுவ ஆட்சி இறுகிக்கொண்டிருந்த 1936, 37இல் வெளிவந்த 'தோயோபி' என்ற போர் எதிர்ப்புப் பத்திரிகை இந்தக் கடையிலும் கிடைத்தது. 1937இல் தத்தேனோ கைதானார். மாணவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசிய அதே கூடத்தில் இன்று இரண்டு பாட்டிமார் கேக்கைப் பாதிப் பாதியாக வெட்டிப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். 2003இல் அரசாங்கம் இந்தக் கட்டடத்தைப் பண்பாட்டுச் சொத்தாகப் பதிவு செய்தது.

பக்கத்திலேயே நீல வெளிச்சத்தில் மூழ்கிக் கிடக்கும் 'சுவாரே', ஐந்து நிற ஜெல்லித் துண்டுகள் மிதக்கும் பானம், வாசலில் இளம்பெண்களின் வரிசை. வரிசையைப் பார்த்துத் திரும்பிவிட்டேன்.

ராத்திரி 'ரொக்குயோஷா'வின் நிலவறைக் கடை. 1950இல் ஒரு தம்பதி தொடங்கி, மகனுக்கும் பேரனுக்கும் வந்திருக்கிறது. டோனட் ஒன்று, காபி ஒன்று. பக்கத்தில் இருந்தவர் தன் டோனட் தட்டை என் பக்கம் நகர்த்தி, சூடாக இருக்கும்போதே சாப்பிடு என்று சைகை காட்டினார். என்னுடையது அப்புறம்தான் வந்தது. அதில் பாதியை அவருக்குக் கொடுத்தேன்.

ஐந்தாம் நாள்: மறுபடி இச்சினோமியா

கியோத்தோவிலிருந்து டோக்கியோ திரும்புகிற ரயிலில் காலை எட்டு மணிக்கு ஏறினேன். நேரே போவதாகத்தான் இருந்தது. நகோயா வருகிறது என்று அறிவிப்பு கேட்டதும் பெட்டியை இறக்கிவிட்டேன்.

ஒன்பதரைக்குக் கதவைத் திறந்தபோது அந்த அம்மாள் என்னைப் பார்த்து, மூன்றாம் நாள் நான் உட்கார்ந்த அதே ஜன்னலோர இடத்தைக் கையால் காட்டினார். கேட்காமலே பயறு விழுது போட்ட ரொட்டி வந்தது.

குடித்து முடித்ததும் சுவரைக் காட்டி, எனக்கும் ஒரு கட்டு வேண்டும் என்றேன். அவருக்குப் புரியவில்லை. என் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஊருக்குப் போகிற ஆள் எதற்கு வாங்குகிறான் என்று யோசித்திருப்பார். அக்கா மகளைத் தொலைபேசியில் பிடித்து அவரிடம் கொடுத்தேன். இரண்டு பேரும் நெடுநேரம் பேசினார்கள். அம்மாள் நடுவில் ஒருமுறை வாய்விட்டுச் சிரித்தார், அப்புறம் ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பேனா எடுத்து என் பெயரைச் சொல்லச் சொன்னார். மூன்று தடவை சொன்னேன். கட்டின் மேல் நிதானமாக, அவர்கள் எழுத்தில் எழுதினார். முதல் சீட்டைக் கிழித்துக் கல்லாவில் போட்டார். இன்றைய காபிக்கு. ஆணிகள் எல்லாம் நிறைந்திருந்தன, அதனால் உள்ளே போய்ச் சுத்தியல் கொண்டுவந்து புதிதாக ஒன்று அடித்தார்.

தொலைபேசி மறுபடி என் கைக்கு வந்தது.

"எங்கே மாட்டினாங்க மாமா? நான் லீவுல போய்க் குடிக்கிறேன்."

"கல்லாவுக்கு இடது பக்கம். மேலிருந்து மூணாவது வரிசை. மஞ்சளா ஒரு பழைய கட்டு இருக்கும், அதுக்குப் பக்கத்துல. பத்துச் சீட்டு பாக்கி இருக்கு."